பின்தங்கியவர் யார்?

1918ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குடிமக்களில் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவான பிராமண வகுப்பார், அரசாங்க உயர் உத்தியோகங்களில் பெரும்பகுதியை வகிப்பது எதனால்? அறிவும் முயற்சியுமே காரணம் என்றனர் ஒரு சாரார். முந்திய ஆண்டு பெங்களூரில் தோன்றிய பிரஜா மித்ர மண்டலியார் அவ்விடையை ஏற்கவில்லை. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரிடம் முறையிட்டனர். மன்னர், தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். நிர்வாகத்தின் திறம் குன்றும் என அஞ்சிய திவான் விசுவேசுவரய்யா பதவி துறந்தார்.

மில்லர் குழு 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் புரட்டியது. ஆங்கிலம் கற்றோர் நூற்றுக்கு ஐவரும் தேறாத வகுப்புகள் பின்தங்கியவை என வரையறுத்தது. ஏழாண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதியும், கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரு பங்கும் அவ்வகுப்புகளைச் சேர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1921இல் அதற்கான ஆணை பிறந்தது. சென்னையில் நீதிக்கட்சி அரசின் வகுப்புவாரி ஆணை பிறந்ததும் அவ்வாண்டே.

சமூகவியல் என்னும் பெயர் அந்நாளில் இங்கு அதிகம் வழங்கவில்லை. ஆயினும் அக்குழு கையாண்டது அதன் முறையே. ஒருவன் தேர்வில் தவறினால் அவனைக் குறை கூறலாம். ஒரு வகுப்பே பள்ளி வாசலை மிதிக்கவில்லையெனில் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும் அல்லவா?

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. நூறு ஏக்கர் நிலமுடைய பட்டேலும், அவர் வயலில் கூலிக்கு உழும் தீண்டப்படாதவரும் ஒரே பட்டியலில் அமர்ந்தனர். இக்குறையை விளங்கவைத்தவர் மைசூரிற் பிறந்த அறிஞர் எம். என். சீனிவாஸ். 1948இல் மைசூரை அடுத்த ஒரு சிற்றூரில் அவர் தங்கி ஆராய்ந்தார்; ஊர்ப்பெயரை மறைத்து ‘ராம்புரா’ என்றே எழுதினார். சடங்கிலே பிராமணர் மேலோர். நிலத்திலும், தலை எண்ணிக்கையிலும், வழக்குத் தீர்ப்பதிலும் ஒக்கலிகரே மேலோர் என்று கண்டார். அவர்களை ‘ஆதிக்க ஜாதி’ என்று 1959இல் குறித்தார். 1970இல் அமெரிக்காவில் அவருடைய குறிப்புகள் தீக்கிரையாயின. நினைவைக் கொண்டே நூலை எழுதி 1976இல் வெளியிட்டார். இதற்கிடையே, 1972இல் தேவராஜ அரசு ஆட்சியில் அமைந்த ஹாவனூர் ஆணைக்குழு, 1975இல் தந்த அறிக்கையில் லிங்காயத்தரைப் பட்டியலினின்று நீக்கியது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கு ஒரு சொல் தைக்கிறது. கன்னடத்தார் ‘ஹிந்துளித’ என்பர். பின்னே தங்கிவிட்டவர் என்பது பொருள். தமிழ்நாட்டு அரசு ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்கிறது. முன்னதில் தங்கியவர் மட்டுமே தெரிகிறார். பின்னதில், பின்னே தள்ளிய கை ஒன்றும் தெரிகிறது. நமக்குப் பின்னதே உண்மைக்கு அணித்தாகத் தோன்றுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழருக்கு இது ஏட்டுப் பேச்சன்று. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலிலுள்ள ஒரு வகுப்பினர், குடிபெயர்ந்த மகாராஷ்டிரத்தில் அச்சலுகையைக் கோர இயலாது என 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாழ்வு என்பது அந்தந்த மாநிலச் சூழலைப் பொறுத்தது என்பது அதன் கருத்து. சீனிவாஸ் ஊரூராய்ப் பார்க்கச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஆயினும், ஊரின் இழிவுரை எல்லையில் நின்றுவிட்டாலும், நிலமின்மையும் கல்வியின்மையும் குடும்பத்தோடு ரயிலேறி வந்துவிடுகின்றனவே!

கர்நாடகத்தின் அட்டவணை ஜாதிப் பட்டியலில் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் உண்டு. எனினும், 1950 ஆகஸ்டு 10ஆம் நாளில் குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதே கேட்கப்படுகிறது. அந்நாளுக்கு முன்பே வட ஆர்க்காட்டினின்று கோலார் தங்கவயற் சுரங்கத்துக்கு வந்து நிலைத்தவரின் பேரன் கர்நாடகச் சான்றிதழ் பெறுகிறான். பின்னாளில் பெங்களூருக்கு வந்தவரின் பேரனோ, மத்திய அரசுப் பணிக்கன்றி மற்றவற்றுக்குத் தமிழ்நாட்டையே நோக்கவேண்டியிருக்கிறது.