நீரில் உலோக வினையூக்கத்துக்கு உதவும் பாலிமர்கள்

நீரில் உலோக வினையூக்கி கொண்டு கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கும்போது சிறிதளவு சேர்க்கப்படும் பெருமூலக்கூறுகள் இவை. கரிமப் பொருள்களில் பல நீரில் கரையா. வினையூக்கியான பல்லேடியத்தின் நுண்துகள்களோ ஒன்றோடொன்று திரண்டு கருங்கசடாகப் படிந்துவிடும். பாலிமர் முதலில் தீர்த்தது இரண்டாவது தொல்லையை.

நீரில் தங்க நுண்துகள்கள் மிதக்கும் தங்கக் கூழ்மம் உப்பிட்டாலும் நிறம் மாறாதிருக்க ஜெலட்டின், பிசின் போன்ற இயற்கைப் பாலிமர் எத்தனை மில்லிகிராம் தேவை என்பதை வேதியியலாளர் ரிச்சர்டு சிக்மோண்டி 1901இல் 'தங்க எண்' என்ற அளவையாக்கினார். ஜெர்மனியில் பால், ஸ்கிட்டா என்ற வேதியியலாளர்கள் இத்தகைய காப்புப் பொருள்களைச் சேர்த்தே பல்லேடியக் கூழ்மத்தால் ஹைட்ரஜனேற்றம் செய்தனர்.

கூழ்மம் ஏன் குலைகிறது என்ற கேள்வியில் கல்கத்தாவுக்கும் பங்குண்டு. வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு அளித்த பெருங்கொடையால் பாலித் வேதியியல் பேராசிரியர் பதவி உருவாயிற்று. 1916இல் பிரபுல்ல சந்திர ரே அதை ஏற்றார்.   ரேயின் மாணவர் ஜே. என். முகர்ஜி 1920களின் தொடக்கத்தில் கூழ்மத் துகளின் மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது, உப்பு அதை எப்படி நீக்குகிறது என்று விளக்கினார். அதே நகரின் ஜாதவ்பூரில் பிருந்தாபன் ரானு குழு 2008இல் நீரில் பல்லேடிய நானோ துகள்களால் ஹியாமா இணைப்பு என்ற கரிம வினையைச் செய்தது. அங்கே துணைநின்றது சோடியம் டோடெசில் சல்ஃபேட்; அது சோப்பு போன்ற பொருள், பாலிமர் அல்ல.

1990களில் அமெரிக்க வேதியியலாளர் பெர்க்பிரைட்டர் சுவையான ஒன்றைக் காட்டினார். அவருடைய பாலிமர் குளிர்நீரில் கரையும். சுமார் 32 பாகை செல்சியஸுக்கு மேல் பிரிந்துவிடும். அதில் கட்டிய வினையூக்கி சூட்டில் ஓய்ந்து, ஆறியதும் மீண்டும் இயங்கும். சூடேற்றினால் வினை விரையும் என்ற பள்ளிப்பாடம் இங்கே தலைகீழ்.

கரையாமைத் தொல்லைக்கு 2011இல் வேதியியலாளர் லிப்ஷட்ஸ் வைட்டமின் ஈயோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியை இணைத்தார். அது நீரில் உருவாக்கும் மிசெல் எனும் நுண்ணிய திரள்களுக்குள் வினைபடுபொருள்கள் ஒதுங்குகின்றன. பின்னர் அப்வி மருந்து நிறுவனத்தின் லுட்விக்ஷாஃபன் ஆய்வகம் மாத்திரைப் பூச்சிலும் கண் சொட்டு மருந்திலும் பயன்படும் ஹைட்ராக்சிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸையே எடுத்துக்கொண்டது. மலிவானது, மருந்துத்துறைக்குப் பழகியது என்பதால் இதுவே நடைமுறைக்கு நெருங்கிய வழியாகத் தோன்றுகிறது.

எனினும் 'பசுமை' என்ற பட்டத்தை எச்சரிக்கையோடுதான் தர வேண்டும். விளைபொருள் திண்மமாக இருந்தால் வடிகட்டிவிடலாம். இல்லையேல் பிரித்தெடுக்க எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான் தேவைப்படும். உலோகச் சுவடும் பாலிமரும் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு தனி.