திறமூல இயங்குதளம்: மாற்றமும் பாதுகாப்பும்

மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை தரும் இயங்குதளம் திறமூல இயங்குதளம் எனப்படும். லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் கருநிரல்) அதன்மேல் எழுந்த டெபியன், உபுண்டு முதலிய வழங்கல்களும் இவ்வகையில் முதன்மையானவை. சென்னையில் உருவான பாஸ் இயங்குதளம் இந்திய அரசின் முயற்சி. எவரும் திருத்தலாம் என்பதால் பாதுகாப்புக் குறையும் என்பாரும், எல்லோரும் பார்க்கலாம் என்பதால் அது கூடும் என்பாரும் தொடக்கம் முதலே உண்டு. வரலாறு இவ்விரு தரப்பையும் முழுதாக ஆதரிக்கவில்லை. திறந்திருத்தல் வேறு, கட்டுப்பாடின்மை வேறு. எடுத்துக்காட்டாக, பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை விடுவது என்பதை மீனவக் குப்பங்களின் ‘பாடு’ முறை வகுக்கிறது. ஏரி பொதுவாக இருப்பதாலேயே முறை தேவைப்படுகிறது. திறமூலத் திட்டங்களிலும் படிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. முதன்மை நிரலில் மாற்றத்தைச் சேர்க்கும் அதிகாரம் பராமரிப்பாளர் சிலரிடமே இருக்கிறது. எனவே ஓர் இயங்குதளத்தின் பாதுகாப்பை அளக்க, அதில் ஒரு மாற்றம் எவ்வாறு விவாதிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, பயனரைச் சேர்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

லினசு டோர்வால்ட்சு 1991இல் லினக்ஸை அறிவித்தார். கெர்னலின் கட்டமைப்பு குறித்துக் கணினியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுடன் 1992இல் அவர் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. டெபியன் 1993இல் தொடங்கியது. பாதுகாப்பு நோக்கில் ஒரு திருப்பம் 2003 நவம்பரில் வந்தது. கெர்னல் நிரலின் முதன்மைக் களஞ்சியம் அப்போது பிட்கீப்பர் என்ற கருவியில் இருந்தது. அதன் நகல் ஒன்று வேறொரு கருவியில் வைக்கப்பட்டிருந்தது. அந்த நகலில் மட்டும் யாரோ இரண்டு வரிகளைச் செருகியிருந்தனர். பயனர் எண் பூச்சியமா என்று சோதிப்பதுபோல் அவ்வரி தோன்றும்; உண்மையில் இரட்டைச் சமக்குறி வரவேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. அதனால் சோதனை நடக்காமல் பயனர் எண் பூச்சியமாகவே மாறிவிடும். குறிப்பிட்ட முறையில் அழைப்பவருக்கு நிர்வாகியின் முழு அதிகாரம் கிடைத்துவிடும். நகலும் முதன்மையும் ஒத்துப்போகாததால் இது சிக்கியது. செய்தவர் யாரெனக் கண்டறியப்படவில்லை. ஒரே ஒரு குறியில் மறைந்திருந்த இந்தக் கொல்லைப்புற வழி வெளிப்பட்டது ஆயிரம் கண்கள் படித்ததால் அன்று, இரண்டு படிகளை ஒப்பிடும் வழக்கம் இருந்ததால்.

தீய நோக்கமே இல்லாத மாற்றம் இதைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கலாம் என்பதை டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்துக்கு நேர்ந்தது காட்டியது. 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், நினைவகப் பிழைகளைத் தேடும் கருவி ஒன்று ஆட்சேபித்த வரிகளை அதிலிருந்து நீக்கினார். சீரற்ற எண்களை உருவாக்கத் தேவையான மூலப்பொருள் அவ்வரிகளின் வழியாகவே உள்ளே சென்றுகொண்டிருந்தது. அவை போனபின் எஞ்சிய ஒரே வேறுபாடு, இயங்கும் நிரலின் செயல் எண். அது 32,768 மதிப்புகளுக்குள் அடங்கும். விளைவாக, ஒரே வகையும் அளவும் கொண்ட குறியாக்கச் சாவிகள் உலகம் முழுதும் சில பத்தாயிரங்களுக்குள் சுருங்கின. ஒருவர் அவை அனைத்தையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள முடிந்தது. உபுண்டு முதலிய வழித்தோன்றல்களும் பாதிக்கப்பட்டன. டெபியன் உருவாக்குநர் லூசியானோ பெல்லோ கண்டறிந்து, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியாகும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் நிரல் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது. பழி யாருடையது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. மாற்றத்தைச் செய்யுமுன் அந்தப் பராமரிப்பாளர் ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டார், தடை எழவில்லை என்பர் சிலர். கேட்ட இடமும் விதமும் சரியில்லை, முழு மாற்றமும் அவர்கள் பார்வைக்கு வரவில்லை என்பர் வேறு சிலர்.

தமிழ்நாட்டில் நடந்த முதன்மை முயற்சியும் இதே காலத்தது. இந்திய அரசு 2005இல் அமைத்த கட்டற்ற, திறமூல மென்பொருள் தேசிய வள மையத்தில் சென்னை சி-டாக் நிறுவனமும் குரோம்பேட்டை ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்றன. அதன் பயனாக, டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் 2007இல் வெளிவந்தது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கைக்கொண்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவதை ஒட்டி, பாஸுக்கு மாறுமாறு தமிழக அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. நம் நாட்டு இயங்குதளம் அயலார் தலையீட்டுக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் இக்காலத்தில் வலுப்பெற்றது. அதில் ஓரளவு நியாயம் உண்டு: அயல்நிறுவனம் ஒன்று ஆதரவை நிறுத்தியதும் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் வழித்தோன்றல் என்பது தாயின் திருத்தங்களோடு தாயின் பிழைகளையும் பெறுகிறது. பாஸ் பிறந்த ஆண்டு, டெபியனின் சாவிப் பிழை கண்டுபிடிக்கப்படாமல் இருந்த ஆண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களையும் தழுவியது. அக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்ற பாஸ் எவ்வளவு பயன்பட்டது என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. இணைய இணைப்பு நிலையில்லாத வீட்டில் இருக்கும் கணினிக்குத் திருத்தம் தாமதமாகும் என்பதில் மட்டும் ஐயமில்லை. பிழை அறிவிக்கப்பட்டுத் திருத்தம் சேராத இடைவெளியே தாக்குவோருக்கு வாய்ப்பு.

சென்னை ஐஐடியும் சி-டாக்கும் இணைந்து பாஸ்-மூல் என்ற திட்டத்தில் லினக்ஸ் கெர்னலைப் பொருள்நோக்கு முறையில் சீரமைக்க முயன்றன. பொருள்நோக்கு மொழியாகிய சி++ஐ ஏற்காத கெர்னல் முதன்மை நிரலில், 2022 டிசம்பரில் 6.1 பதிப்புடன் ரஸ்ட் மொழி நுழைந்தது. அதன்மீது பூசலும் எழுந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிழையுள்ள திருத்தங்களை அனுப்பிப் பரிசோதித்தது 2021இல் பெரும் சர்ச்சையாகி, அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் தடுக்கப்பட்டன. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் கொல்லைப்புற வழி வெளிப்பட்டது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கியவர் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகிய பின்னரே அதைச் செருகினார். தொலைநுழைவில் அரை நொடித் தாமதத்தைக் கவனித்த நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். திறமூலத்தின் தோல்வியாக இதைக் காட்டுவோர் உண்டு. மூடிய நிரலாக இருந்திருந்தால் வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து காரணத்தைத் தேடியிருக்க முடியாது என்பது அதற்கான விடை. தனியொருவர் பராமரிக்கும் கருவியில் அவரது சோர்வு நாட்டையே தாக்கும் ஓட்டையாகலாம் என்ற குற்றச்சாட்டுக்கோ விடை எளிதன்று.

2023இல் சென்னை ஐஐடி சார்பில் ஆண்ட்ராய்டின் திறமூலத்தை ஒட்டிய பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு வழிவந்த மாயா இயங்குதளத்துக்கு மாறுவதாகச் செய்தி வெளியானது. இரண்டும் அடித்தளத்துக்கு வெளிநாட்டுத் திட்டங்களின் நிரலையே சார்ந்துள்ளன. ஆகவே உள்நாட்டுப் பெயர் மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. அடித்தளமாக அமைந்த அத்திட்டங்களில் மாற்றங்களைச் சோதிக்க ஊதியம் பெறும் ஆட்களை அமர்த்துவதும், திருத்தத்தைக் கடைக்கோடிக் கணினிவரை கொண்டு சேர்ப்பதுமே உள்நாட்டு இயங்குதளங்களின் உண்மையான பாதுகாப்புச் செலவு.