ஹெவி மெற்றல் இசையிற் 'பெருவழி': மெற்றாலிக்கா குழுவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு கலை வடிவம் பரவுந்தோறும் அதன் ஆதி இரசிகர் மகிழ்வர் என்றே எதிர்பார்ப்போம். ஹெவி மெற்றல் இசையின் வரலாறு இவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கின்றது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் சூழலில் எழுந்த பிளாக் சபாத் குழு தன் முதல் இசைத்தட்டை 1970இல் வெளியிட்ட காலந்தொட்டு, வானொலியும் விமர்சகரும் இவ்விசையைப் பெரும்பாலும் புறக்கணித்தே வந்தனர். அப்புறக்கணிப்பையே பெருமையாகக் கொண்ட இரசிகரிடையே 'பெருவழி' என்பது வசைச்சொல்லாயிற்று. ஆயின் எது பெருவழி? விற்பனைத் தொகையே அதன் அளவுகோல் என்பர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அயர்ன் மெய்டன் குழுவின் இசைத்தட்டு 1982இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எனினும் அக்குழு தன்னை விற்றுவிட்டது என்ற பழி பரவலாக எழவில்லை.

மெற்றாலிக்கா 1981இல் லொஸ் ஏஞ்சல்சில் தோன்றியது. அடுத்த ஆண்டு அது பதிவுசெய்த மாதிரி ஒலிநாடா கடைகளுக்கு வரவில்லை. இரசிகர் தம் வீடுகளிற் பிரதிசெய்து, தபால்மூலம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். நியூ ஜேர்சியின் சந்தையொன்றில் இசைத்தட்டு விற்றுவந்த ஜொன் சசூலா அந்நாடாவைக் கேட்டே அவர்களை வரவழைத்தார். 1983இல் முதல் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டார். இந்நாடாப் பரிமாற்றத்தின் இயல்பு கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு நாடாவைப் பெற விரும்புபவனிடம் கொடுப்பதற்கு இன்னொன்று இருத்தல் வேண்டும். அதனைத் தேடுதற்கு உழைப்பும், காத்திருத்தற்குப் பொறுமையும் வேண்டும். இரசிகனே விநியோகத்தனுமாக இருந்தான். பிரித்தானிய நடனக் கூடங்களை ஆராய்ந்த சாரா தோர்ன்ரன் 1995இல் 'துணைப்பண்பாட்டு மூலதனம்' எனக் குறித்தது இத்தகைய ஈட்டத்தையே எனலாம். பெருவழி என்பது இம்மூலதனம் செல்லாக்காசாகும் இடம். அதாவது, தேடாதவனுக்கும் இசை வந்துசேரும் வழி.

அதே 1983இல், ஒப்பனையும் பகட்டும் மிக்க லொஸ் ஏஞ்சல்ஸ் மெற்றல் எம்.ரி.வி. தொலைக்காட்சிவழி வீடுதோறும் புகுந்தது. குவயற் றயற் குழு பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. திராஷ் இரசிகர் தம்மை வரையறுத்துக்கொண்டது இதற்கு எதிராகவே. ஆகவேதான் மெற்றாலிக்கா 1984இல் மென்மையாகத் தொடங்கும் ஒரு பாடலைச் சேர்த்தபோது, அதன் விற்பனை மிகச் சிறிதாயிருந்தும், முதல் முணுமுணுப்பு எழுந்தது. ஒளிப்படப் பாடலெதுவுமின்றி 1986இல் பில்போர்ட்டின் 29ஆம் இடத்தை எட்டிய 'மாஸ்ரர் ஒவ் பப்பெற்ஸ்' இசைத்தட்டோ பெருமைக்குரியதாயிற்று. 1989இல் முதல் ஒளிப்படப் பாடல் வெளியானபோது மீண்டும் சலசலப்பு. அவ்வாண்டே கிராமி விருதில் இவ்வகை இசைக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட பரிசு, புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ ரல் குழுவுக்குச் சென்றது. இதில் வேடிக்கை யாதெனின், பெருவழியை இகழ்ந்தோரே பெருவழியின் பரிசு கிட்டாமைக்குச் சினந்தமையாகும்.

1991இல் மொற்லி குறூவின் தயாரிப்பாளரான பொப் றொக்கைக் கொண்டு, குறுகிய, வேகங் குறைந்த பாடல்களை மெற்றாலிக்கா வெளியிட்டது. அவ்விசைத்தட்டு அமெரிக்காவில் மாத்திரம் 1 கோடி 60 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய இரசிகர் பலர் விலகினர். ஒலிநடையின் மாற்றமே இதற்குக் காரணமென வாதிடலாம், அதில் உண்மையுமுண்டு. ஆனால் எதிரிக் குழுவின் தயாரிப்பாளர் என்பதே ஒலிக்கு முன்னர் உறுத்தியது என்பது எமது கருத்து.

பிரதியெடுத்த நாடாக்களால் வளர்ந்த இக்குழு, இணையத்திற் பிரதி பரிமாறிய நப்ஸ்ரர் நிறுவனத்தின்மீது 2000இல் வழக்குத் தொடுத்தது. தம் முற்றுப்பெறாத பாடல் கசிந்ததே காரணம் என்றது. இரசிகர் பலர் அதனை மன்னிக்கவில்லை. 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடர்வழி 1986ஆம் ஆண்டின் அப்பாடல் இளைஞரைச் சென்றடைந்து, முதன்முறையாகப் பில்போர்ட்டின் நூறு பாடற் பட்டியலில் நுழைந்தபோது, பழைய இரசிகர் சிலர் புதியவரை எள்ளினர். மெற்றாலிக்காவோ அவர்களை வெளிப்படையாகவே வரவேற்றது.