ஒரு பானையும் ஒரு பாட்டியும்

இன்று ஒரே பாத்திரச் சமையல் என்றால் நேரம் மிச்சம். அரிசி, பருப்பு, காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று நான்கு விசில் விட்டால் சாம்பார் சாதம் தயார். விருந்தாளி வந்தாலும் சரி, அலுத்துப்போன நாளானாலும் சரி, கழுவ ஒரு பாத்திரம்தான். ஆனால் எல்லாப் பெண்களும் வசதி கருதி ஒரே பாத்திரத்தில் சமைத்தவர்கள் அல்லர். நூறாண்டுக்கு முன் திருவண்ணாமலையில் வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் இருந்ததே ஒரு பானைதான்.

அவரைக் கீரைப்பாட்டி என்று அழைத்தார்கள். மலைச்சரிவில், குகை நமசிவாயர் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தங்கியிருந்தார். ரமணர் விரூபாட்ச குகையில் வசித்த காலம் அது. பாட்டியின் சமையலைப் பற்றி ரமணர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பானையில் முதலில் வெந்நீர் வைத்துக் குளிப்பார். பிறகு பருப்பு, கீரை, சோறு என்று ஒவ்வொன்றாக அதிலேயே ஆகும். ஆக்கியதை ரமணருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

இதை எளிமை என்று புகழ்வது சுலபம். ஒன்றை இறக்கி ஒழித்து, கழுவி, அடுத்ததை ஏற்ற வேண்டும். அடுப்பு அணையாமல் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் மலையேறிக் கீரை பறிக்க வேண்டும். பாத்திரம் குறைந்தது, வேலை குறையவில்லை.

அவர் மட்டுமல்ல. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த எச்சம்மாள், ஊருக்குள் சமைத்து நாள்தோறும் மலைக்குச் சுமந்து வந்தார். அலங்காரத்தம்மாள் அதே பணியைச் செய்து, ‘முதலியார் பாட்டி’ என்று சாதியின் பெயரால் அறியப்பட்டார். 1916இல் வந்து சேர்ந்த ரமணரின் தாய் அழகம்மாள்தான் கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டியவர். பின்னாளில் ரமணாசிரமச் சமையலறையில் உழைத்தவர்களில் பலர் கைம்பெண்கள். பகலெல்லாம் சமைத்த அவர்கள் இரவில் ஆசிரமத்தில் தங்கக்கூடாது. இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும்.

1926இல் ஆசிரமத்துக்கு ஒரு கன்றுக்குட்டி வந்தது. லட்சுமி என்று பெயரிட்டார்கள். கீரைப்பாட்டியே பசுவாகப் பிறந்து வந்திருக்கிறார் என்று அடியார்கள் நம்பினார்கள். லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தது. ஆசிரமத்தில் அதற்குச் சமாதி இருக்கிறது. ரமணர் எழுதிய வெண்பாவும் இருக்கிறது.

பசுவுக்குப் பெயர் உண்டு, இறந்த தேதி உண்டு. சோறு போட்ட பெண்ணையோ, அவர் பறித்த கீரையின் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். அன்போடு அழைத்த பெயர்தான் அது. அவருடைய சொந்தப் பெயரை மறைத்ததும் அதுதான்.

நம் வீடுகளிலும் ‘பாட்டி வைத்த குழம்பு’ என்றுதான் சொல்கிறோம். அந்தக் குழம்பின் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது, மேலே பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதிவைப்போம். பெண்களின் வரலாறு அந்த ஒரு வரியிலிருந்தும் தொடங்கும்.