மிக்கி மவுஸும் 2 யூரோவும்

யூரோ டிஸ்னின்னு சொன்னாலே எல்லாரும் ஒரே கதையத்தான் எடுத்து விடுவாங்க. அமெரிக்காக்காரன் பிரான்சுக்குப் போனான், சாப்பாட்டோட ஒயின் கிடையாதுன்னான், பிரெஞ்சுக்காரங்க கடுப்பாயிட்டாங்க, கூட்டம் வரலை, கடை படுத்துடுச்சு. எம்.பி.ஏ. படிச்ச நண்பர்கள் இதையே 'கலாச்சார மோதல்'னு கொஞ்சம் ஸ்டைலா சொல்வாங்க. நான் பொட்டி தட்டறவன். கணக்கைத் தோண்டிப் பாத்தா எனக்குக் கதை வேற மாதிரி தெரியுது.

மொதல்ல கூட்டம். பாரீசுக்குக் கிழக்கே மார்ன் லா வல்லேயில 1992 ஏப்ரல் 12 அன்னிக்குத் திறந்தாங்க. 1993 நிதியாண்டுல மட்டும் சுமார் 98 லட்சம் பேர் வந்தாங்க. இவங்க எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆனா ஈ ஓட்டலை. ஒயின் தடையையும் 1993லயே எடுத்துட்டாங்க. அப்படியும் அந்த வருஷ நஷ்டம் 530 கோடி பிராங்க்! திறப்புக்கு முந்தைய செலவுகளை மொத்தமா கணக்குல எழுதித் தள்ளினதைக் கழிச்சுட்டாலும் சுமார் 170 கோடி.

எங்க இடிச்சுது? கடன்ல. கட்டி முடிக்க ஆன செலவு சுமார் 2,200 கோடி பிராங்க். அதுல பெரும்பகுதி கடன். 'ஹோட்டலைக் கட்டி வித்துடலாம், சுத்தி இருக்கற நிலத்துல ஆபீசும் வீடும் கட்டி காசு பாத்துடலாம், கடன் அடைஞ்சுடும்'ங்கறதுதான் திட்டம். ஆனா 90களோட தொடக்கத்துல பாரீஸ்ல ரியல் எஸ்டேட் சரிஞ்சுது, வட்டி ஏறுச்சு. 5,200 ஹோட்டல் ரூம் கையில நின்னுச்சு. ஜனங்களோ காலையில ரயிலேறி வந்து, சுத்திப் பாத்துட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டாங்க. 1993ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ரூம் நிரம்புச்சு.

இனிமேதான் முக்கியமான மேட்டர். பூங்காவை நடத்தின கம்பெனி யூரோ டிஸ்னி எஸ்.சி.ஏ. அதுல வால்ட் டிஸ்னிக்கு 49%தான். மீதியை 1989ல ஐரோப்பிய மக்கள்கிட்ட பங்கு ஒண்ணு 72 பிராங்குன்னு வித்தாங்க. டிஸ்னி தன் பங்குக்குக் கொடுத்தது 10 பிராங்க்! அதுக்கு மேல டிக்கெட் வசூல்ல 10%, சாப்பாடு, பொம்மை விற்பனையில 5% ராயல்டி, தனியா நிர்வாகக் கட்டணம் வேற. லாபமோ நஷ்டமோ, வசூல் ஆனா டிஸ்னிக்குப் படியளக்கணும். அந்த வருஷம் பாரீஸ் பங்குச்சந்தை வாசல்ல டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னர் மேல முட்டை பறந்துச்சு. காரணம் கலாச்சாரம் மட்டும்தானான்னு எனக்கு சந்தேகம் :-)

1994ல மூழ்கற நிலைமை. பேங்குகள் கொஞ்ச காலத்துக்கு வட்டியை விட்டுக்கொடுத்தாங்க, டிஸ்னி அஞ்சு வருஷம் ராயல்டி வேண்டாம்னாங்க, சவுதி இளவரசர் அல்வலீத் சுமார் 24% பங்கு வாங்கினார். டிக்கெட் விலையைக் குறைச்சு, ஸ்பேஸ் மவுன்டன் திறந்து, 1995ல மொதல் லாபம் பாத்தாங்க: 11.4 கோடி பிராங்க். அப்புறம் 2002ல ரெண்டாவது பூங்கா, 2005ல மறுபடி கடன் சீரமைப்பு, 2012ல பேங்க் கடன்களை டிஸ்னியே எடுத்துக்கிச்சு, 2014ல இன்னொரு 100 கோடி யூரோ மீட்புத் திட்டம் அறிவிப்பு. அதோட டிஸ்னியோட பங்கு சுமார் 77% ஆச்சு. 2017ல மிச்ச பங்குகளையும் ஒண்ணு 2 யூரோன்னு வாங்கி, கம்பெனியைச் சந்தையிலிருந்தே எடுத்துட்டாங்க.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 1989ல 72 பிராங்குக்கு 100 பங்கு வாங்கின ஒரு பிரெஞ்சு வாத்தியாரை நினைச்சுக்கங்க. போட்டது 7,200 பிராங்க், சுமார் 1,100 யூரோ. 2007ல நூறு பங்கை ஒரே பங்கா சேர்த்தாங்க. புதுசா எதுவும் வாங்காம, எதையும் விக்காம காத்திருந்திருந்தா 2017ல அவர் கைக்கு வந்தது 2 யூரோ. பூங்காவுல ஒரு காபிக்குக்கூடப் பத்துமான்னு சந்தேகம்.

முழுசா கைக்கு வந்த மறுவருஷமே, 2018ல, அதே பூங்காவை விரிவாக்க 200 கோடி யூரோ போடறோம்னு டிஸ்னி அறிவிச்சுது. அதாவது பூங்கா மேல அவங்களுக்கு நம்பிக்கை போகவே இல்லை. 25 வருஷமா நஷ்டத்தைச் சுமக்க கூட ஆள் இருந்தாங்க, அவ்வளவுதான்.

அதனால அடுத்த தடவை யாராவது 'பிரெஞ்சுக்காரனுக்கு மிக்கியைப் பிடிக்கலை'ன்னு ஆரம்பிச்சா, அந்த வாத்தியாரை ஞாபகப்படுத்துங்க மக்களே. அவருக்கு மிக்கியை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் பங்கு வாங்கினார்.