22 கிலோபைட்டுக்குள்ள எட்டு கேலக்ஸி

தினமும் காலையில உங்க வாட்ஸப் குரூப்புக்கு ஒரு ரோஜாப்பூ படம் வருமே, 'இனிய காலை வணக்கம்'னு? அது ஒண்ணே நூறு கிலோபைட்டுக்குக் குறையாது. அதுல கால்வாசிகூட வேண்டாம், 22 கிலோபைட் போதும்னு 1984-ல ரெண்டு கல்லூரிப் பசங்க ஒரு வேலை செஞ்சாங்க. அந்த இடத்துக்குள்ள எட்டு கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 ஊர், ஊருக்கு ஒரு பேர், ஒரு அரசாங்கம், ஒரு சந்தை, வழியில கொள்ளைக்காரன், அவனைப் பிடிக்க போலீஸ், இத்தனையும் அடைச்சு வெச்சாங்க. அந்த விளையாட்டோட பேர் எலைட்.

இன்னைக்கு இழை அதைப் பத்தித்தான். (இழைன்னா நம்ம பக்கம் நூல்தான் ஞாபகம் வரும். இது ட்விட்டர் இழைங்க.) கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

டாக்டருக்கு எதுக்கு விளையாட்டுக் கதைன்னு கேப்பீங்க. மடத்துக்குளத்துல என் கிளினிக்குக்கு ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க (அடையாளம் தெரியாம மாத்தியிருக்கேன்). "டாக்டருங்க, லீவு விட்டதுல இருந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஏதோ கப்பல் ஓட்டிட்டே இருக்கானுங்க, இது வியாதிங்களா?" பையனைக் கேட்டேன். "சண்டையெல்லாம் போடறதில்லீங்க சார். லோடு அடிக்கறேன்." எலைட் டேஞ்சரஸ்னு ஒரு விளையாட்டு. 1984 எலைட்டோட நேரடி வாரிசு, 2014-ல வந்தது. பால்வெளி மண்டலம் முழுசையும், 40,000 கோடி நட்சத்திரத்தோட, உள்ள வெச்சிருக்கு.

அந்த அம்மாவுக்குச் சொன்னதை இங்கயும் சொல்லிடறேன். விளையாட்டுக் கோளாறுன்னு ஒரு நோய் நிஜமாவே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்ல அதுக்குத் தனி இடம் உண்டு, 2022 ஜனவரி 1 முதல் அமல்ல இருக்கு. ஆனா எத்தனை மணி நேரம் விளையாடறான்ங்கறது மட்டும் அதுக்கு அளவுகோல் இல்லை. நிறுத்த நினைச்சாலும் முடியாம போறது, மத்த எல்லாத்தையும் விட விளையாட்டு முன்னாடி வந்து நிக்கறது, கெடுதல் வந்த பிறகும் தொடர்றது, இதனால படிப்போ குடும்பமோ நட்போ நல்லாவே அடிபடறது, இதெல்லாம் பொதுவா 12 மாசமாவது நீடிக்கறது, இத்தனையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். லீவுல லோடு அடிக்கற பையன் இதுல வரலை. தூக்கம் மட்டும் கெடாம பார்த்துக்கச் சொல்லி அனுப்பினேன். சரி, கதைக்கு வருவோம்.

எலைட்ல உங்களுக்கு ஆரம்பத்துல கிடைக்கறது 100 கிரெடிட் பணம், கோப்ரா மார்க் 3 ன்னு ஒரு கப்பல், அதுல 20 டன் சரக்கு ஏத்த இடம். நம்ம ஊர் டாரஸ் லாரி லோடு மாதிரி வெச்சுக்கோங்க. லேவ்ங்கற கோளுக்குப் பக்கத்துல நிக்கறீங்க. அவ்வளவுதான். யாரைக் கொல்லணும், எங்க போகணும், எப்ப ஜெயிப்பீங்க, யாரும் சொல்ல மாட்டாங்க.

சந்தை எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க எங்கயும் போக வேண்டாம். மடத்துக்குளம் அமராவதித் தண்ணியில நெல்லும் கரும்பும் விளையற ஊர். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி திருப்பூர், பனியன் ஊர். இங்க விளையறது இங்க மலிவு, அங்க கூடுதல். அங்க செய்யறது அங்க மலிவு, இங்க வந்தா கூடுதல். எலைட்ல ஒவ்வொரு கோளும் விவசாயத்துல இருந்து தொழில் வரைக்கும் ஒரு படிநிலையில இருக்கும், விலை அதைப் பொறுத்து மாறும். விவசாயக் கோளான லேவ்ல உணவை ஏத்தி, தொழில் கோள்ல இறக்கி, அங்க இருந்து கம்ப்யூட்டர் ஏத்திட்டு திரும்பி வரலாம். சந்தையில மொத்தம் 17 சரக்கு. முதல் பேர் உணவு, ரெண்டாவது பேர் ஜவுளி!

போதைப் பொருளும் ஆயுதமும் அடிமைகளும்கூட அந்தப் பட்டியல்ல உண்டு. விளையாட்டு உங்களைத் தடுக்காது. லாபமும் நல்லாவே வரும். ஆனா சுத்தமானவர்ங்கற பேர் போய் குற்றவாளி, தப்பியோடினவர்னு உங்க பேருக்கு எதிரா பதிவாகும். அப்புறம் போலீஸ் கப்பல் பார்த்த இடத்துல சுடும். புத்திமதி ஒரு வரி கிடையாது, விளைவு மட்டும் உண்டு. 1984-ல ஒரு விளையாட்டுக்கு இது பெரிய விஷயம்.

கப்பல் பேர்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். நீங்க ஓட்டறது கோப்ரா, நாகம். போலீஸ் ஓட்டறது வைப்பர், விரியன். கொள்ளைக்காரன் கிரெய்ட்ல வருவான், கட்டுவிரியன். கரும்புக்காட்டுக்குப் பக்கத்துல வைத்தியம் பார்க்கற எவனுக்கும் இந்த மூணு பேரும் தூக்கத்துலகூட மறக்காது.

விண்வெளியில வியாபாரம்ங்கற எண்ணம் அவங்க கண்டுபிடிச்சது இல்லை. 1974-லயே அமெரிக்காவில் டேவ் காஃப்மேன் ஸ்டார் டிரேடர் எழுதிட்டார். அது வெறும் எழுத்துல ஓடற விளையாட்டு. எலைட் கொண்டு வந்தது முப்பரிமாணம். கப்பலை நீங்களே திருப்பி, உருட்டி, குறி பார்த்துச் சுடலாம்.

எழுதினவங்க டேவிட் பிராபென், இயன் பெல். கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரி மாணவர்கள், இருபது வயசு சுமார். செஞ்சதைத் தூக்கிட்டு முதல்ல தார்ன் இஎம்ஐ கம்பெனிக்குப் போனாங்க. மூணு உயிர் எங்க, ஸ்கோர் எங்க, பத்து நிமிஷத்துல ஆட்டம் முடிய வேண்டாமான்னு கேட்டு அனுப்பிட்டாங்கன்னு பிராபென் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அன்னைக்கு விளையாட்டுன்னா காசு போட்டு ஆடற மெஷின்தான், அடுத்த ஆள் வரிசையில நிப்பான். பிறகு ஏகார்ன்சாஃப்ட் எடுத்துக்கிச்சு. 1984 செப்டம்பர் 20-ல் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு எலைட் வெளிவந்தது.

பிபிசி மைக்ரோவோட நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். அதுல திரைக்கு, இயக்க முறைமைக்குன்னு போனது போக மிச்சத்துலதான் குடித்தனம். 2,048 கோளோட விவரத்தை எழுதி வைக்க இடமே கிடையாது. அதனால எழுதி வைக்கலை. மூணே மூணு எண் வெச்சுக்கிட்டாங்க, மொத்தம் ஆறு பைட். அந்த மூணையும் கூட்டி அடுத்த எண், பழசைத் தள்ளிவிட்டு மறுபடியும் கூட்டி அடுத்தது. பள்ளிக்கூடத்துல படிச்ச ஃபிபோனாச்சி வரிசை மாதிரியே. வர்ற எண்ல இருந்து கோள் எங்க இருக்கு, யார் ஆள்றா, மக்கள் தொகை எவ்வளவு எல்லாம் பிறக்கும். பேர்கூட அப்படித்தான், ரெண்டு ரெண்டு எழுத்துத் துண்டா ஒட்டினது. லா, வே சேர்ந்தா லேவ். டி, சோ சேர்ந்தா டிசோ. போய்ட்டு நாளைக்குத் திரும்பி வந்தாலும் அதே ஊர் அதே இடத்துல இருக்கும், ஏன்னா விதை அதேதான்.

அடுத்த கேலக்ஸி வேணுமா? அந்த ஆறு பைட்டையும் ஒவ்வொரு பிட் இடது பக்கம் சுழற்று. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டு தரம் சுழற்றினா ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும். அதான் எட்டு கேலக்ஸி. கணக்குப்படி 281 லட்சம் கோடி கேலக்ஸி வரைக்கும் போயிருக்கலாம். அத்தனை இருந்தா எல்லாம் ஒரே அச்சுன்னு ஆடறவனுக்குத் தெரிஞ்சுடும்னு கம்பெனிக்காரங்க எட்டோட நிறுத்தச் சொன்னாங்க.

நம்ம உடம்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். மூளையில 8,600 கோடி நியூரான், ஆனா எந்த நியூரான் எங்க உக்காரணும்னு ஒவ்வொண்ணா டிஎன்ஏ-ல எழுதி வைக்கலை. சுமார் 20,000 ஜீன், எப்ப எது வேலை செய்யணும்ங்கற விதி, அவ்வளவுதான் கையிருப்பு. கருவியல் பாடத்துல எனக்கு இது புரியறதுக்கு ரொம்ப நாளாச்சு. எலைட்டை யாராவது முன்னாடியே காட்டியிருந்தா சீக்கிரம் புரிஞ்சிருக்கும்.

இந்த இழையை எழுத வெச்ச விஷயம் இனிமேதான். எலைட் பிறந்த அந்த பிபிசி மைக்ரோ, கிட்டத்தட்ட அதே நேரத்துல இந்தியாவுக்கும் வந்தது. கடைக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்'ங்கற பேர்ல பள்ளிகளில் கணினி அறிவுத் திட்டம் தொடங்கியது. சோதனைக் கட்டமா சுமார் 250 பள்ளிகள். அதுக்குத் தேர்ந்தெடுத்த பெட்டி பிபிசி மைக்ரோ.

கேம்பிரிட்ஜ்ல அந்தப் பெட்டி பசங்களோட அறையில இருந்தது. ராத்திரி பகல் பார்க்காம நோண்டினாங்க, திரையோட மேல் பகுதியை ஒரு முறையிலயும் கீழ்ப் பகுதியை வேற முறையிலயும் ஓட வெச்சாங்க. தயாரிச்சவங்களே நினைச்சுப் பார்க்காத வித்தை அது. இங்க அதே பெட்டி ஒரு பள்ளிக்குச் சில, பல நூறு மாணவர்களுக்குப் பொதுவா. பாட மென்பொருள்ல நிறைய பிரிட்டன்ல இருந்து வந்தது, ஆங்கிலத்துல. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு, தூசி படாம துணி போர்த்தி வெச்சிருந்த பெட்டியைத் தள்ளி நின்னு பார்த்த தலைமுறை இதைப் படிச்சா தலையாட்டுவாங்க. பெட்டி வந்தது, அதை நோண்டற உரிமை கூட வரலை. ஆசிரியர்களைக் குறை சொல்றதுல நியாயம் இல்லைன்னு நினைக்கிறேன். அவ்வளவு விலை கொடுத்து வந்த பொருள் ரிப்பேர் ஆனா பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்.

பெட்டியை உள்நாட்டுலயே செய்யவும் ஏற்பாடு ஆச்சு. அந்தப் பொறுப்பு செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் அப்படிங்கற அரசு நிறுவனத்துக்கு. சண்டிகரை ஒட்டின மொஹாலியில இருந்தது, சுருக்கமா எஸ்சிஎல். அங்க செஞ்ச பிபிசி மைக்ரோவுக்கு யூனிகார்ன்னு பேர். சிப் தயாரிப்பையும் அவங்க 1984-லதான் தொடங்கியிருந்தாங்க. இன்னைக்கு உலகத்தையே ஆட்டி வைக்கற தைவானோட டிஎஸ்எம்சி பிறந்ததே 1987-ல. நாம முன்னாடி இருந்தோம்.

1989 பிப்ரவரியில் எஸ்சிஎல் தொழிற்சாலை தீயில எரிஞ்சது. திரும்ப எழுந்து நிக்கப் பல வருஷம் ஆச்சு. சிப் உலகத்துல பல வருஷம்ங்கறது பல தலைமுறை. அதுக்குள்ள பிபிசி மைக்ரோ காலமும் முடிஞ்சிருந்தது. அந்தப் பெட்டியை வடிவமைச்ச சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1985-லயே ஏஆர்எம்ங்கற புது ப்ராசஸரைச் செஞ்சுட்டாங்க. அதோட வழித்தோன்றல்தான் இப்ப நீங்க இதைப் படிக்கற போன்ல இருக்கு.

ஆனா எஸ்சிஎல் சாகலை. நடுவுல விண்வெளித் துறைக்குக் கீழ வந்தது, இஸ்ரோவுக்கு சிப் செஞ்சு கொடுத்தது. நம்ம ராக்கெட்டுகளை வழி நடத்தற விக்ரம் 1601 ப்ராசஸர் அங்க செஞ்சது. அதோட அடுத்த வடிவம் விக்ரம் 3201. அதை முதல்ல விண்வெளியில சோதிச்சது 2024 டிசம்பர் 30-ல் கிளம்பின பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்ல. அந்த ராக்கெட் சுமந்துக்கிட்டுப் போனது ஸ்பேடெக்ஸ், தலா 220 கிலோ எடையுள்ள ரெண்டு செயற்கைக்கோள். வேலை என்ன? ஒண்ணோட ஒண்ணு போய் இணையணும்.

எலைட் ஆடினவங்களுக்கு இங்க உடம்பு சிலிர்க்கும். அந்த விளையாட்டுல கொள்ளைக்காரனை விட அதிகம் பேரைக் கொன்னது இணைப்புதான். விண்வெளி நிலையம் சுத்திக்கிட்டே இருக்கும், அதோட வாசல் ஒரு சின்னப் பிளவு. நீங்களும் அதே வேகத்துல சுத்திக்கிட்டே நேரா நுழையணும். கொஞ்சம் சாய்ஞ்சா கப்பலும் போச்சு, ஏத்தின லோடும் போச்சு.

ஸ்பேடெக்ஸ் இணைப்பு ஜனவரி 7-ல் நடக்க வேண்டியது, தள்ளிப் போச்சு. 9-ஆம் தேதியும் தள்ளிப் போச்சு. 12-ஆம் தேதி ரெண்டையும் 15 மீட்டருக்குக் கொண்டு வந்து, அப்புறம் 3 மீட்டர் வரைக்கும் நெருங்க விட்டு, மறுபடியும் பாதுகாப்பான தூரத்துக்கு விலக்கிட்டாங்க. டிவியில சிலர் தோல்வின்னே பேசினாங்க. நான் அப்ப கிளினிக்ல இருந்து போன்ல பார்த்துட்டு, "அவசரப்படாதீங்கப்பா, கிட்டப் போய்த் திரும்பி வர்றவன்தான் பொழைப்பான்"னு நினைச்சுக்கிட்டேன். 2025 ஜனவரி 16 காலையில ரெண்டும் இணைஞ்சது. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நாலாவது நாடு நாம.

பழைய பிபிசி மைக்ரோ எலைட்டை இன்னைக்கும் பிரவுசர்லயே ஆடலாம். இயன் பெல் தன் இணையதளத்துல அதை இலவசமா வெச்சிருக்கார், மார்க் மாக்ஸன்ங்கறவர் அதோட மூல நிரலை வரிக்கு வரி விளக்கி எழுதியிருக்கார். ஆடப் போறவங்களுக்கு ஒண்ணு: நிலையத்தோட வாசல் எப்பவும் கோளைப் பார்த்த பக்கம்தான் இருக்கும். முதல்ல நிலையத்துக்கும் கோளுக்கும் நடுவுல போய், திரும்பி, வாசலை நேர் நடுவுல வெச்சுக்கிட்டு, வேகத்தைக் குறைச்சு உள்ள போங்க. முதல் நாலு தரம் இடிப்பீங்க.