காடு போனது, காணி வரவில்லை

இலங்கை மலைநாட்டின் காடழிப்பை இயற்கைக்கு நேர்ந்த இழப்பாகவே பலரும் எழுதுகின்றனர். அதனால் மனிதர் இழந்தவையும் பதியப்பட வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை காடுகளும் தரிசுகளும் முடிக்கே சொந்தமெனக் கொள்ளப்படும் என்றது. கண்டிக் கிராமத்தவர் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த காடுகள் கோப்பித் துரைமாரின் கைக்குப் போயின. உறுதி இல்லாத விவசாயி எதைக் காட்டி நிரூபிப்பான்? கூலிக்குக் கோடரி பிடித்து அந்தக் காட்டை வீழ்த்தியவர்களிலும் சிங்களக் கிராமத்தவர் இருந்தனர். எரித்த நிலத்தில் கோப்பி நட்டுக் களை பிடுங்கியவர்கள், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் கொலராவாலும் பசியாலும் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்தும் காடு திரும்பவில்லை. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. மரவேர்களின் பிடி போன மண்ணை மழை அரித்தது.

அச்சரிவுகளின் லயன்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை பின்னர் கிடைத்தபோதும் பெரும்பாலானோருக்குக் காணி கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து போக அவர்களுக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை.

காடிழந்த கிராமத்தவருக்கு, நிலத்தைப் பறித்தவனாகத் தமிழ்த் தொழிலாளியே காட்டப்பட்டான். இலாபம் கப்பலேறியது, பகை மலையில் தங்கியது. ஊரை இழந்தவர்களாகப் பேசும் நாம், தமதென்று ஒரு பிடி காணியும் பெறாத இவர்களையும் நமது வரலாற்றில் சேர்த்தே எழுதவேண்டும்.